நாலாவது படுக்கை

"ஏறி உக்காந்தப்புறம் திரும்பிப் பாக்கக் கூடாதுடா, பாத்தியோ..." என்று அப்பா சொல்வார். பாத்தியோ என்ன ஆகும் என்பது மட்டும் தென்னரசுவுக்கு ஞாபகம் வரவில்லை. கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்றாரா, புது ஊர் கோவித்துக்கொள்ளும் என்றாரா, இல்லை பாதியிலேயே நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்துவிட்டாரா. சொன்ன இடம் மட்டும் அழியாமல் இருக்கிறது. லாரியின் முன்பக்கம், அப்பாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் இவன், இஞ்சின் மூடியின் சூடு தொடையில் ஏற, மடியில் சுவர்க் கடிகாரம். பொதுப்பணித் துறையில் இருந்த அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு மாற்றல். ஏழு பள்ளிக்கூடம், ஏழு லாரி, ஒரே கடிகாரம். பாத்தியோ, பாத்தியோ... ஸ்குரு கை நழுவி உருண்டு அடுப்பு மேடைக்கு அடியில் போய்விட்டது. "சனியன்" என்றான் சத்தமாக. கேட்க யாரும் இல்லை. திருச்சி மே மாதத்து மதியம் இரண்டரை மணிக்கு, வீட்டை ஒட்டிய காலி மனையில், அலுமினியத் தகடு அடித்த ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து அலமாரிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருப்பவனிடம் யார் பேச்சுக் கொடுப்பார்கள். பெட்டி இல்லை, வீடு. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற வீடு. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் எட்டு மாதம் அலைந்து, தானே வரைபடம் போட்டு, நாலு பேருக்கு நாலு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை, மடக்கினால் மேஜை விரித்தால் பெஞ்சு என்று அங்குலம் அங்குலமாகக் கட்டியது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பிக் கன்னியாகுமரி, அங்கிருந்து மேற்குக் கரையோரமாகவே வடக்கே, ஒரு முழு வருஷம், குடும்பத்தோடு. குடும்பத்தோடு. அந்த வார்த்தை இன்று காலை எட்டேகாலுக்கு இட்லித் தட்டின் முன்னால் செத்துப்போனது.

"நான் வரலப்பா." இவ்வளவுதான் சொன்னாள் நிறைமதி. பதினேழு வயது. சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள், உப்புக் கொஞ்சம் கம்மி என்பது மாதிரி. இவன் முதலில் சிரித்தான். சிரித்ததை நினைத்தால் இப்போது காது மடல் எரிகிறது. "நீ வராம? எல்லாம் ஏத்தியாச்சும்மா" என்றான். "உங்கள ஏத்தச் சொன்னது யாரு?" இல்லை, அப்படி அவள் சொல்லவில்லை, இவன் மனசு இப்போது சேர்த்துக்கொள்கிறது, கோபத்துக்குத் தீனி போதாமல் அதுவே சமைத்துப் போட்டுக்கொள்கிறது. அவள் சொன்னது வேறு. "அமெரிக்காலேருந்து கிளம்புறப்பவும் இதையேதான் சொன்னீங்க. கன்டெய்னர் போயாச்சு, இனிமே பேசி என்னன்னு. அப்ப எனக்குப் பதிமூணு வயசு. தமிழ்ல எனக்கு எழுதவே தெரியாது. கிளாஸ்ல நான் 'பழம்'னு சொல்றதக் கேக்கவே பசங்க கூப்பிடுவாங்க. தெரியுமா உங்களுக்கு?" தெரியாது. தெரியும் என்று சொன்னான். ஒன்பது வயதுக் குழலி, இளையவள், இட்லியை விட்டுவிட்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ப்ளஸ் டூவ எங்கேருந்து வேணா எழுதலாம், திறந்தநிலைப் பள்ளில பதிஞ்சிடலாம், எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன்" என்றான். "டீமையும் விசாரிச்சு வச்சிருக்கீங்களா? இந்த வருஷம் நான்தான் கேப்டன்." வாலிபால். ஒரு பந்துக்காக இமயமலையை வேண்டாம் என்கிற பெண்ணை என்ன செய்ய. அதையும் சொன்னான், இதே வார்த்தைகளில். அப்போதுதான் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், "உங்களுக்கு எந்த ஊரும் ஒட்ட மாட்டேங்குதுப்பா. எனக்கு இந்த ஊரு ஒட்டிருச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்" என்றாள். பள்ளி ஹாஸ்டல் வார்டனிடம் அவளாகவே போய்ப் பேசியிருக்கிறாள். ஒரு வாரமாக. சேர்க்கைப் படிவம் வாங்கி, நிரப்பி, அப்பா கையெழுத்து என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டு, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒட்ட மாட்டேங்குது. எவ்வளவு திமிர். யாருக்கு ஒட்டவில்லை? இருபது வருஷம் ஓஹையோவில் பனியை வாரிக்கொண்டே, காப்பீட்டுக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டே, தென்னரசு என்று சொல்ல வராத வெள்ளைக்காரன்களுக்கு 'டென்' ஆகி, பத்து என்று ஒரு எண்ணாகி, ஊர் ஊர் என்று உருகினவன் யார்? திரும்பி வந்து நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் எல்லாம் இனித்தது, தண்ணி லாரிச் சத்தம் கூட. இரண்டாம் வருஷம் பல்லைக் கடித்தான். மூன்றாம் வருஷம் ஒரு மதியம், இதே மாதிரி வெயில், மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. மாரடைப்பு என்று பயந்து எழுந்து நடந்தான். ஜன்னல் வரை போனதும் சரியாகிவிட்டது. உட்கார்ந்தால் மறுபடி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயந்திரம்தான் தாளை எடுத்து இந்த வண்டியை வரைய ஆரம்பித்தான், வரையும்போது மூச்சு சீராக இருந்தது, அதனால் வரைந்துகொண்டே இருந்தான். பிள்ளைகள் நாட்டைப் பார்க்க வேண்டாமா, புத்தகத்தில் படித்து என்ன ஆகப் போகிறது, என்று எல்லாரிடமும் சொன்னான். சொல்லிச் சொல்லி அதுவே காரணம் ஆகிவிட்டது. பொய் ஒன்றும் இல்லை. பொய் என்று எவனாவது சொன்னால் பல்லை உடைப்பான்.

தாழ்ப்பாள் ஒரு வழியாகப் பொருந்தியது. ஆடுகிறது, ஆடட்டும். அடுத்து எடை. கரூர் பட்டறையில் கருப்பண்ணன் மேஸ்திரி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது இதைத்தான். வண்டி மூக்கில் எழுபது எழுபத்தஞ்சு கிலோ விழணும்ங்க, கம்மியாச்சுன்னா ஓட்டத்துல வாலு ஆடும், ஜீப்பையும் சேத்துக் கவுத்துப் போடும்ங்க. மூக்கு என்றால் கொக்கி இருக்கிற முன்நுனி. அதற்கு அடியில் செங்கல் அடுக்கி, செங்கல் மேல் குளியலறையில் மனுஷர் எடை பார்க்கிற மிஷினை வைத்து, மூக்கை மெல்ல இறக்க வேண்டும். இறக்கினான். ஐம்பத்திரண்டு. மறுபடி தூக்கி மறுபடி இறக்கினான், கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே. ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. நேற்றுக் கணக்குப் போட்டபோது எழுபத்திரண்டு வந்ததே? ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்கு இருபது கிலோ, அவரவர் படுக்கைக்கு அடியில். நாலாவது படுக்கை, நிறைமதியின் படுக்கை, மூக்கை ஒட்டிக் குறுக்காக... ஓ. அவள் பெட்டி காலி. மூடியைத் திறந்தான். அடியில் ஒரு ஹேர்பின் கூட இல்லை. இவன் நேற்று வரை போட்ட கணக்கெல்லாம் அவள் பெட்டி நிறைந்திருக்கும் என்று போட்ட கணக்கு. அவள் ஒரு வாரமாக அதில் ஒரு கைக்குட்டை கூடப் போடவில்லை. பெண்ணின் இருபது கிலோ இல்லாததால் வண்டி வால் ஆடும். பார்க்கலாம். வால் ஆடுகிறதா பார்க்கலாம். சமையல் பக்கம் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இருந்தது. அதைக் கொண்டுவந்து இங்கே திணித்தால் முடிந்தது. பெண்ணுக்குப் பதில் அரிசி.

மூட்டையை இழுக்கப் போனவன் காலில் வாசுகியின் பெட்டி இடித்தது. பெரிய விரல் நகத்தில் பொறி பறந்தது. ஆளுக்கு இருபது கிலோ என்றால் அவள் பெட்டி மட்டும் இருபத்தாறு, என்னதான் வைத்திருக்கிறாள் என்று திறந்து பார்த்தான். புடவை இல்லை, பாத்திரம் இல்லை. பழைய செய்தித்தாள் கட்டுக் கட்டாக, இரண்டு ஜோடி மரச் சட்டம், தோல் வார், பூதக்கண்ணாடி. செடியை வேரோடு எடுத்துத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காய வைக்கிற சட்டம். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள், ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு வாங்க முதல்வர் அறை வாசலில் பதினோரு தடவை நின்றவள். முதலில் இவனைப் பைத்தியம் என்றாள். பிறகு ஒரு நாள் மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் என்னென்ன பூக்கும் என்று ஒரு பட்டியலோடு வந்தாள். இப்போது இவனை விட அவளுக்குத்தான் அவசரம். செய்தித்தாளுக்கு எட்டு கிலோ! யாருக்கும் எடையைப் பற்றிக் கவலை இல்லை, மூக்கைப் பற்றிக் கவலை இல்லை, எல்லாம் இவன் தலையில். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. அதோடு நேற்றையதும். அதுவரை வாசலில் நின்ற வண்டியை நேற்று ஜீப்பில் மாட்டி இந்த மனைக்குள் பின்பக்கமாக விடப் பார்த்தான். பின்னால் போகும்போது ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தால் வண்டி இடதுபக்கம் திரும்பும். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடவை கேட் தூணில் போய் உரசியது. பக்கத்து வீட்டு துரைக்கண்ணு, ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், மதில் மேல் இரண்டு கையையும் ஊன்றி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், பரோட்டாக் கடையா, பிரியாணிக் கடையா?" "கடை இல்லீங்க. நாங்க குடும்பத்தோட டூர் போறோம்." "அதானே. கடைன்னா தூணுக்குத் தள்ளியில்ல போடுவாங்க." வாசுகி அப்போது இவனை இறங்கச் சொன்னாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, தலையை வெளியே நீட்டி, ஒரே தடவையில், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, கொண்டுபோய் மூலையில் நிறுத்தினாள். நீடாமங்கலத்தில் அவள் அப்பாவுக்கு ரைஸ் மில். பதினைந்து வயதில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லரைக் களத்துக்குள் பின்பக்கமாகவே விட்டுப் பழகினவள். துரைக்கண்ணு கை தட்டினார். "அம்மாதான் டிரைவரு. சார் கிளீனரா?"

கிளீனர். இருக்கட்டும். மூட்டையைத் தோளில் ஏற்றினான். முதுகில் எங்கோ ஒரு நரம்பு கிளுக்கென்றது. நாற்பத்தெட்டு வயது. இந்த வயதில் அப்பா மூட்டை தூக்கியதே இல்லை. இலாகா ஆட்கள் தூக்குவார்கள், அவர் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிப்பார். புதுக்கோட்டையில் இருந்து கிளம்பின அன்று மட்டும் பட்டியலில் ஒன்று குறைந்தது. தென்னரசு. பதினான்கு வயது. கூடப் படித்த சலீம் வீட்டு மச்சில் ஈரச் சாக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். போக மாட்டேன், இங்கேயே இருக்கிறேன், சலீமோடு படிக்கிறேன். சலீமின் அம்மா சோறு போட்டு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள், நிஜமாகவே சொன்னாள். மூன்று மணி நேரம். அப்பா வந்தார். படியில் செருப்புச் சத்தம். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டான். அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. "லாரிக்காரரு காத்துட்டிருக்காரு" என்றார். அவ்வளவுதான். இவன் எழுந்து பின்னால் போனான். என் அப்பா என்மேல் ஒரு தடவை கூடக் கை நீட்டினதில்லை என்று இந்தக் கதையை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்! ஓஹையோவில், கொலம்பஸில் ஒரு பார்ட்டியில் இங்கிலீஷில் சொல்லி எல்லாரையும் நெகிழ வைத்திருக்கிறான். இன்று, அரிசி மூட்டை தோளை அறுக்கிற இந்த நிமிஷத்தில், அது கதையாக இல்லை. ஏன் அடிக்கவில்லை? அடித்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். ஏன் போக மாட்டேன் என்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம். லாரிக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றால் பதினான்கு வயதுப் பையன் என்ன பதில் சொல்ல முடியும். பாவம் லாரிக்காரர், அவருக்கு என்ன தெரியும். எல்லாம் ஏத்தியாச்சும்மா. காலையில் இவன் சொன்னது. அதே குரல். மூக்கின் மேல் கண்ணாடி ஒன்றுதான் குறைச்சல். செத்து ஒன்பது வருஷம் ஆன மனுஷன்மேல் இப்போது வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மூட்டையைத் தொப்பென்று போட்டான். வண்டி முழுக்க ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது.

நாலாவது படுக்கைக்கு அடியில் மூட்டையைத் தள்ளக் குனிந்து, மண்டியிட்டபோதுதான் கண் மட்டத்தில் படுக்கையின் கால்மாட்டுப் பலகையைப் பார்த்தான். போன வாரம் இவன் கையாலேயே இரண்டாம் பூச்சு வார்னிஷ் அடித்தது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் அழுக்காக ஏதோ. அருகில் போய்ப் பார்த்தான். கால் விரல்கள். காயாத வார்னிஷில் பதிந்து, அப்படியே இறுகிப்போன விரல் ரேகை. இரண்டு பாதம், பக்கத்தில் பக்கத்தில். சுர்ரென்று ஏறியது. "குழலி!" என்று கத்தினான். படித்துப் படித்துச் சொன்னேனே, காய்கிற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது என்று! குழலி வரவில்லை, டியூஷனோ எங்கேயோ. கத்தி முடித்த பிறகுதான் கவனித்தான். சின்னப் பாதம் இல்லை. இவன் கையை விரித்து வைத்தால் விரல் நுனியையும் தாண்டி நீளுகிறது. வாசுகி பாதமும் இல்லை. அது அகலம். வாசல் படியில் நிழல் விழுந்தது. வாசுகி, ஒரு கையில் மோர்ச் செம்பு, இன்னொரு கையில் இன்னும் ஒரு கட்டுச் செய்தித்தாள். "என்னத்துக்குங்க இப்படிக் கத்துறீங்க? துரைக்கண்ணு சார் நாற்காலிய மதில் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டாரு." "இது யாரு கால்?" அவள் குனிந்து பார்த்தாள். செம்பை அடுப்பு மேடையில் வைத்தாள். "மதிதான். போன வாரம் நீங்க ஜீப்புக்கு டயர் மாத்தப் போனப்ப வந்து படுத்துப் பாத்தா. கால் இடிச்சுது. மடக்கிப் பாத்தா, ஒருக்களிச்சுப் பாத்தா, குறுக்கப் படுத்துப் பாத்தா. அப்புறம் எறங்கிப் போயிட்டா." "என்கிட்ட ஏன் சொல்லல?" "சொல்லட்டுமாடின்னு கேட்டேன். வேணாம்மா, எட்டு மாசமா ஆசையாக் கட்டிருக்காரு, மூஞ்சி செத்துப்போயிரும்னா."

ஐந்தடி ஆறு. படுக்கையின் நீளம் ஐந்தடி ஆறு அங்குலம். கருப்பண்ணன் மேஸ்திரி காதில் பென்சிலோடு நின்று கேட்டது இப்போது பக்கத்தில் கேட்கிறது: "பெரிய பாப்பா என்ன ஒசரமுங்க?" இவன் யோசிக்காமல் சொன்னான், ஐந்தடி நாலு. சொல்லும்போது கண்ணுக்குள் தெரிந்தது நாலு வருஷத்துக்கு முன்னால் விமான நிலையத்தில் பையை அணைத்துக்கொண்டு நின்ற பெண். "வளர்ற புள்ளைங்களே, நாலு அங்குலம் சேத்துப் போட்டுறலாமுங்களா?" வேண்டாம் என்றான். நாலு அங்குலம் சேர்த்தால் இவன் ஆசைப்பட்ட புத்தக அலமாரி அந்த மூலையில் வராது. வரைபடத்தைக் காட்டி வாதாடினான், மேஸ்திரி ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரிங்க என்றார். "இப்ப அவ என்ன உயரம்?" என்று கேட்டான் வாசுகியிடம், பலகையைப் பார்த்துக்கொண்டே. "அஞ்சு ஒம்போது. உங்களவிட ஒரு அங்குலம் கூட. பக்கத்துல நின்னா தெரியலியா உங்களுக்கு?" பக்கத்தில் எப்போது நின்றான். காலையில் அவள் தட்டோடு எழுந்து நின்றபோது இவன் நிமிர்ந்து பார்த்தான். உட்கார்ந்திருந்ததால் நிமிர்ந்தோம் என்று நினைத்தான். கோபம் போய்விடும் என்று எதிர்பார்த்தான். இந்த மாதிரி நேரத்தில் கண் கலங்கி, கோபம் கரைந்து, என்று கதைகளில் வரும். கரையவில்லை. இன்னும் கெட்டியாகத்தான் ஆனது. கோபப்பட வேண்டிய ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான். சுத்தியலை எடுத்து அந்த அலமாரியை ஒரே போடாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. போட்டால் நாலு அங்குலம் கிடைக்கும். அவள் வர மாட்டாள். படுக்கை ஆறடி இருந்தாலும் வர மாட்டாள். ஊர் ஒட்டிவிட்ட பெண்ணை எத்தனை அங்குலம் கொடுத்து இழுப்பது. ஹாஸ்டலில் போடலாம், கையெழுத்துப் போட்டால் போதும், வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பிவிடலாம், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அவளே கேட்டதுதான். அவளே கேட்டதுதான் என்று ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டு போகலாம். இருந்தால்? இங்கே இருந்தால் மாடி அறை, நாற்காலி, மதியம், மூச்சு. அந்தப் பயம் இப்போதே நெஞ்சில் கை வைத்துப் பார்த்தது. மார்ச் மாதம் பரீட்சை. பத்து மாதம். பத்து மாதம் ஒரே ஜன்னல்.

"மோர் சூடாயிரும்" என்றாள் வாசுகி. "மூக்குல எடை பத்தல" என்றான். "எவ்வளவு?" "இருபது கிலோ." "என் பெட்டிய முன்னாடி தள்ளுங்க. இந்தத் தாளையும் அங்கயே போடுங்க. இதுக்குப் போயா?" தள்ளினான். வெளியே போய்ச் செங்கல் மேல் இறக்கிப் பார்த்தான். அரிசி, செய்தித்தாள் எல்லாமாகச் சேர்ந்து தொண்ணூற்றைந்து. அரிசியைத் திரும்ப எடுத்த பிறகு எழுபத்தொன்று. மோரைக் குடித்தான், உப்பு அதிகம். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான். அவள் உள்ளே தாள் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாசுகி, இத இழுத்துக்கிட்டு நீ எவ்வளவு தூரம் போவ?" "ரோடு எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம்." "தனியா?" "தனியா எங்க, குழலி இருக்காளே. மேப் பாக்க உங்களவிட அவளுக்கு நல்லாத் தெரியும்." சொல்லிவிட்டுத்தான் கை நின்றது. தலையைத் திருப்பி இவனைப் பார்த்தாள். "என்ன கேக்குறீங்க நீங்க?" "ஒனக்கு பயமா இருக்குமா?" "இருக்கும்" என்றாள். தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு?" என்றாள். "ரொம்ப" என்றான். கோபமாகத்தான் சொன்னான், அவளிடம் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் துரைக்கண்ணு செருமினார். தெருமுனையில் ஸ்கூல் பக்கமிருந்து சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது, கேரியரில் பந்து. நிறைமதி கேட்டுக்கு வெளியே காலை ஊன்றி நின்றாள், உள்ளே வருவதா வேண்டாமா என்பது போல.

வெள்ளிக்கிழமை விடியற்காலை வாசுகியும் குழலியும் வண்டியோடு கிளம்பிப் போவது, நிறைமதியின் பரீட்சை முடிகிற வரைக்கும் தான் அவளோடு இந்த வீட்டிலேயே இருப்பது என்று தென்னரசு முடிவு செய்தான்.